அவன் உங்களுக்கு என்ன முறை?

கேள்வி: திருச்சியில் நடக்கும் ஓர் இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு நண்பர்கள். பொங்கலுக்குச் சில நாள் முன்பு கதிர் காவிரியில் குளிக்கும்போது மூழ்கி இறந்துவிடுகிறான். மே மாதம் நவீன், அஸ்லம், மகா மூவரும் கதிர் வீட்டு ஷோகேசில் இருக்கும் அஸ்திக் கலசத்தை எடுத்துக்கொண்டு, ஒரே புல்லட்டில் தனுஷ்கோடி போய்க் கரைக்கிறார்கள். முதல் வரைவைப் படித்தவர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள். பயணம் சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறதாம். அழுகை மொத்தமும் கடைசி அத்தியாயத்தில் கொட்டிக் கிடக்கிறதாம். வரைவையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கிருந்து திருத்துவது?

பதில்: கலசத்திலிருந்து தொடங்குங்கள். படித்தவர்கள் சொன்ன இரண்டு குறைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் அஸ்தி ஷோகேசில் இருக்காது. எரித்த மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்து எலும்பு பொறுக்குவார்கள். மண் கலயத்தில் போட்டுத் துணியால் வாய்கட்டி, பெரும்பாலும் அன்றைக்கே ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுவார்கள். ராமேஸ்வரத்துக்கோ காசிக்கோ கொண்டுபோக வேண்டும் என்று கொஞ்சம் எடுத்து வைத்தாலும் வீட்டுப் படியேற்ற மாட்டார்கள். வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். திருச்சி என்றால் ஓயாமாரி சுடுகாடு, பக்கத்திலேயே காவிரி, கரைக்க ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறை. தகனம் முதல் கரைப்பு வரை எல்லாம் ஒரு சுற்று வட்டாரத்துக்குள் முடிந்துவிடும். நான்கு மாதம் கழித்து எடுத்துக்கொண்டு போக அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. இன்னொன்று: திருமணமாகாத பிள்ளைகளை எரிக்காமல் புதைப்பது பல சமூகங்களில் வழக்கம். கதிரை எரித்தார்கள் என்று எழுதும்போதே அவன் எந்தக் குடும்பம் என்பதில் பாதியைச் சொல்லிவிடுகிறீர்கள். தெரிந்து சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது, அந்தக் கலயத்தில் நண்பனுக்கு உரிமை கிடையாது என்பது. நம் சாவுச் சடங்கு முழுக்க முறையின் மேல் நிற்கிறது. கொள்ளி வைக்க ஒருவர், கோடி போட ஒருவர், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், வாய்க்கரிசிக்குக்கூட ஒரு வரிசை. மாமன், மச்சான், பங்காளி, சம்பந்தி என்று எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. நட்புக்கு முறை கிடையாது. பழைய நாளில் பாடைக்குத் தோள் கொடுக்கும் நாலு பேரில் ஒருவனாக நண்பன் நுழைந்துவிடுவான். இப்போது அரசு மருத்துவமனைப் பிணவறையிலிருந்து அமரர் ஊர்தியில் போகும் உடலுக்கு அந்தத் தோளும் தேவைப்படுவதில்லை. மகாவுக்கு நிலைமை இன்னும் மோசம். பல குடும்பங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெரு முனையோடு அவள் நின்றுவிட்டாள். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் போகிறான், அவளுக்குச் செய்ய ஒரு காரியம் இல்லை.

உங்கள் நாவலின் உயிர் இதுதான். சடங்கில் இடம் கிடைக்காத மூன்று பேர் தங்களுக்கென்று ஒரு காரியத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். சாலை அந்தக் காரியம் நடக்கும் இடம். இதைப் பிடித்துக்கொண்டால் வழியில் வரும் கோயில், கோட்டை, பாலம் எதையும் வர்ணிக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. அவர்களுக்கு எது வேலை செய்கிறதோ அது மட்டும் பக்கத்தில் வரும், மற்றது தானாக உதிர்ந்துவிடும்.

அப்படியானால் எதைக் கொண்டுபோவது? நண்பனுக்கு உரிமையுள்ள ஒரு பொருளை. வாங்கித் திருப்பிக் கொடுக்காதது, கடனாக நின்றுபோனது, வீட்டாருக்கு இருப்பதே தெரியாதது. உங்கள் கதையிலேயே ஒன்று இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. ஆற்றில் குளிக்கப் போனவன் கரையில் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவான்? சட்டை, போன், செருப்பு. சட்டையையும் போனையும் போலீஸ் வாங்கி அப்பாவிடம் கொடுத்திருப்பார்கள். கூட்டத்தில் செருப்பை யார் கவனித்தார்கள்? நவீன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நான்கு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. செத்தவன் செருப்பை வீட்டில் வைத்திருப்பதை அம்மா பார்த்தால் தெருவில் வீசுவாள். அஸ்திக் கலயம் மாதிரியே அதையும் வீட்டுக்குள் வைக்க முடியாது, ஆனால் இது இவர்களுடையது. இந்த யோசனை பிடிக்காவிட்டால் வேறு பொருள் எடுங்கள். சோதிக்க ஒரே கேள்வி போதும்: இதைக் கதிரின் அப்பா கேட்டால் கொடுத்துவிடுவார்களா? கொடுத்துவிடுவார்கள் என்றால் அந்தப் பொருள் ஒரு நாவலைத் தாங்காது.

அடுத்த ஓட்டை: அம்மா மண்டபம் பக்கத்திலேயே இருக்க, எதற்குத் தனுஷ்கோடி? முதல் அத்தியாயத்திலேயே வாசகர் கேட்டுவிடுவார். விடையும் ஊரிலேயே இருக்கிறது. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவார்கள். அதனால் பொங்கலுக்கு முன் காவிரியில் தண்ணீர் ஓடுவது சரி. மணல் அள்ளிய குழி தண்ணீருக்கு அடியில் தெரியாமல் கிடப்பதும், இடுப்பளவு என்று நினைத்து வைத்த அடுத்த காலுக்குத் தரை இல்லாமல் போவதும் சரி. நீச்சல் தெரிந்தவனும் இப்படிப் போய்விடுகிறான். ஆனால் மே மாதம் அதே ஆற்றில் பெரும்பகுதி மணல்தான், ஓரமாக நூல் போல ஒரு ஓட்டம். கதிரைக் கொன்ற தண்ணீர் இப்போது அங்கே இல்லை. கோபப்படக்கூட ஆறு இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் பிள்ளைகள் விடிவதற்குமுன் காவிரிப் பாலத்தைக் கடந்துதான் திருச்சி ஊருக்குள் வர வேண்டும். கீழே வெறும் மணல். அந்த ஒரு காட்சியில் "ஏன் கடல்" என்ற கேள்வி அடங்கிவிடும், யாரும் வாய் திறந்து விளக்க வேண்டாம்.

கிளம்பும் நாளையும் உணர்ச்சி வந்த நாளாக வைக்காதீர்கள், நாட்காட்டியிலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப் கணக்கு ஏறத்தாழ 120 நாள் இணையத்தோடு தொடர்பில்லாமல் கிடந்தால் நீக்கப்பட்டுவிடும். குழுவில் அந்தப் பெயர் "வெளியேறினார்" என்று வரும். ஆற்றங்கரையில் கிடைத்த போனை அப்பா அணைத்துப் பீரோவில் வைத்துவிட்டார் என்று கொள்ளுங்கள். கதை 2025இல் நடந்து, கதிர் இறந்தது ஜனவரி 8 என்றால் 120ஆவது நாள் மே 8. அந்த வருடம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் மே 8தான். காலையில் மதிப்பெண் பார்க்கப் போனைத் திறந்த மூன்று பேருக்கும் "கதிர் வெளியேறினார்" என்று ஒரு வரி. இதற்குமேல் அவர்களைக் கிளப்ப வேறு எதுவும் வேண்டாம். சரியாக அன்றைக்கே நடக்குமா என்று யாரும் கேட்கமாட்டார்கள், ஒன்றிரண்டு நாள் முன்பின் இருந்தாலும் நாவல் தாங்கும். அந்த நான்கு மாதத்தில் யாராவது ஒருவர் குழுவில் அவனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருப்பார். அது யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நானாக இருந்தால் அஸ்லம் என்பேன், மூவரில் குறைவாகப் பேசுகிறவன் அவன்தான்.

இனி புல்லட். 17 வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரே வண்டியில் 260 கிலோமீட்டர் போவது முதல் சோதனைச் சாவடியிலேயே முடிந்துவிடும். கியர் வண்டிக்கும் 50 சிசிக்கு மேற்பட்ட எந்த வண்டிக்கும் உரிமம் 18 வயதில்தான். அதற்குக் கீழே உள்ளவன் ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. ஓட்டிய பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம், மூன்றாவது ஆள் ஏறினால் அபராதத்தோடு உரிமமும் மூன்று மாதம் முடங்கும். இளையோர் நாவலைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர்களே தினம் போலீசைப் பார்த்து இறங்கி நடக்கிறவர்கள்.

இந்தச் சட்டத்தை இடைஞ்சலாகப் பார்க்காதீர்கள், உங்கள் நாவலுக்கு இதைவிட நல்ல கட்டுமானம் கிடைக்காது. ஒருவனுக்கு மட்டும் 18 முடியட்டும். அஸ்லம் ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவன். பிப்ரவரியில் 18 முடிந்ததும் பழகுநர் உரிமம், 30 நாள் கழித்துத் தேர்வு, ஏப்ரலில் கையில் அட்டை. வண்டி அவன் அத்தா கடைக்குச் சாமான் ஏற்றும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100. இப்போது கணக்கு எப்படி வருகிறது பாருங்கள். வண்டியில் இரண்டு பேர், மூன்றாவது ஆள் பஸ்ஸில். ஒரு கட்டம் அஸ்லமும் நவீனும் வண்டியில், மகா பஸ்ஸில். அடுத்த கட்டம் அஸ்லமும் மகாவும், நவீன் பஸ்ஸில். இன்னொரு கட்டம் அஸ்லம் தனியாக வண்டியில், மற்ற இருவரும் பஸ்ஸில். மூன்று பேர் நட்புக்குள் இருக்கும் மூன்று ஜோடிகளும் தனித்தனியாகப் பேச இடம் கிடைத்துவிட்டது. மூன்று பேரும் எப்போதும் சேர்ந்தே இருந்தால் எல்லாரும் எல்லாருக்கும் பொதுவாகத்தான் பேசுவார்கள். "அன்னைக்கு அவனைக் குளிக்கக் கூப்பிட்டது நான்தான்" என்பதை மூவர் நடுவில் சொல்ல முடியாது. ஓடும் வண்டியில், முகம் பார்க்காமல், முன்னால் இருப்பவன் முதுகிடம்தான் சொல்ல முடியும். காற்றில் பாதி கேட்காது. கேட்டதா இல்லையா என்று தெரியாமல் அடுத்த ஊர்வரை போக வேண்டும்.

பஸ்ஸில் போகிறவருக்கும் ஒன்று கிடைக்கிறது. எக்ஸ்எல்லை இரண்டு ஆளோடு 40இல் ஓட்டலாம், அதற்குமேல் முறுக்கினால் வண்டி உதறும். பஸ் அதை முந்திவிடும். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் முதலில் இறங்கியவர் கால் மணியோ அரை மணியோ தனியாகக் காத்திருப்பார். உங்கள் வரைவில் யாரும் ஒரு நிமிடம்கூடத் தனியாக இல்லை, அழுகை கடைசிக்குத் தள்ளிப்போனதற்கு அதுவும் காரணம். இந்த அரை மணிகளில் அதைப் பிரித்துக் கொடுங்கள்.

பஸ் விவரத்தில் இரண்டு இடத்தில் கால் இடறும். பெண்களுக்கான விடியல் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான், ஊருக்கு ஊர் போகும் புறநகர் வண்டியில் மகா டிக்கெட் எடுக்க வேண்டும். திருச்சியில் புறநகர் வண்டிகள் 2025 ஜூலைப் பாதியில்தான் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து பஞ்சப்பூருக்கு மாறின. கதை அந்த மே மாதம் என்றால் மத்தியப் பேருந்து நிலையம், அடுத்த வருடம் என்றால் பஞ்சப்பூர். ஹெல்மெட்டும் ஒரு கணக்குதான். ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று. அந்த இரண்டாவது ஹெல்மெட் நவீனுக்கும் மகாவுக்கும் மாறி மாறிப் போகும். அதற்குள் ஏற்கெனவே யார் தலை வாசனை இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வழி: ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம், ராமேஸ்வரம், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. புதுக்கோட்டை வரை சுமார் 60 கிலோமீட்டர், அங்கிருந்து காரைக்குடி 40, தேவகோட்டை இன்னொரு 20. தேவகோட்டையிலிருந்து ராமநாதபுரம் 70, பிறகு ராமேஸ்வரம் 55, முனை வரை 20க்கு மேல். எக்ஸ்எல் டேங்க் 4 லிட்டர். இரண்டு ஆள் ஏறினால் லிட்டருக்கு 50 என்று வையுங்கள், ஒரு டேங்கில் கடைசிவரை போகாது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நிரப்பியாக வேண்டும். 2025இல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி இருந்தது, ராமேஸ்வரம் போக வர ஏறத்தாழ 1,000 ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இது பெரிய தொகை, எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். சுங்கச் சாவடியில் இரு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, உங்கள் ஆறாம் அத்தியாயத்தில் பணம் கட்டுவதை எடுத்துவிடுங்கள்.

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். பதினொன்றரை மணிக்குமேல் தார்ச்சாலையில் எக்ஸ்எல் ஓட்ட வைக்காதீர்கள். விடிகாலை நாலரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் தேவகோட்டை. அன்றைய பயணம் அவ்வளவுதான். இரவு எங்கே? 18 முடியாத பையனும் பெண்ணுமாக லாட்ஜுக்குப் போனால் ஆதாரைப் பார்த்ததும் அறை இல்லை என்பார்கள். அதனால் மகாவின் சித்தி வீடு. அவள் வீட்டில் பயணத்துக்குச் சம்மதம் கிடைப்பதற்கும் சித்திதான் சாக்கு. பையன்கள் திண்ணையில் படுக்கட்டும்.

சித்தி இந்த நாவலில் மிக முக்கியமான ஆள், ஆனால் அது அவளுக்குத் தெரியக் கூடாது. சோறு போட்டுக்கொண்டே கேட்பாள்:

"ஏம்மா, அந்தப் பையன் உங்க மூணு பேருக்கும் என்ன முறை வேணும்?"

"ஃப்ரெண்டு சித்தி."

"அது சரி. என்ன முறை?"

இங்கே நிறுத்திவிடுங்கள். மகா பதில் சொல்லக் கூடாது. ரசம் ஊற்றச் சொல்லி நவீன் தட்டை நீட்டட்டும். சித்தியைக் கல்நெஞ்சுக்காரியாக ஆக்கவும் வேண்டாம். அவள் அக்கறையோடுதான் கேட்கிறாள், முறை தெரிந்தால்தான் அவளுக்கு எப்படித் துக்கம் விசாரிப்பது என்று தெரியும்.

பேச்சில் ஒரு திருத்தம். உங்கள் வரைவில் அஸ்லம் "துட்டிக்குப் போனோம்" என்கிறான். அது திருநெல்வேலிப் பக்கத்துச் சொல். திருச்சிப் பையன் "சாவுக்கு" என்பான், பெரியவர்கள் "கேதம்" என்பார்கள். பையன்கள் மகாவிடம் பேசும்போது மட்டும் திடீரென்று எழுத்துத் தமிழுக்கு மாறுகிறார்கள், அதையும் பாருங்கள். பத்து வருடம் கூடப் படித்தவளை "டீ" போட்டுத்தான் கூப்பிடுவார்கள், அவளும் "டா" என்பாள்.

இரண்டாம் நாள் நிலம் மாறும். முதல் நாள் பார்த்தது புதுக்கோட்டையின் செம்மண், தைலமரக் காடு, திருமயத்தில் சாலையிலிருந்தே தெரியும் கோட்டை. தேவகோட்டையைத் தாண்டினால் கண்மாய், பனை, சீமைக் கருவேலம். கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஊர்கள் அவை, காலைக் காற்றில் அந்தப் புகை சாலைக்கு வரும். ஓயாமாரிக்குப் போன நவீனுக்கும் அஸ்லமுக்கும் அந்த வாசனை வேறு ஒன்றாக இருக்கும், போகாத மகாவுக்கு அது வெறும் புகை. வண்டியில் பின்னால் இருப்பவள் "ஏன்டா ஸ்பீடு குறையுது" என்று கேட்டால் போதும். கோட்டை, கோயில் எல்லாவற்றையும்விட இந்த ஒரு புகை உங்களுக்கு அதிகம் உழைக்கும். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை "நாரை பறக்காத 48 மடை" என்பார்கள், ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலமாம். மே மாதம் அதுவும் வற்றிக் கிடக்கும். காவிரியைத் தாண்டி வந்தவர்கள் இன்னொரு வெறும் நீர்நிலையைப் பார்க்கிறார்கள்.

பஞ்சர் அத்தியாயத்தை வைத்திருக்கிறீர்கள், நல்லது, ஆனால் கடைக்காரர் வாழ்க்கைத் தத்துவம் பேசுகிறார். வழியில் வரும் டீக்கடைப் பெரியவரும் பஞ்சர் கடைக்காரரும் ஞானிகளாக இருப்பது இந்த வகை நாவல்களைப் பிடித்த நோய். அவர் தன் தொழிலைப் பற்றி மட்டும் பேசட்டும். எக்ஸ்எல்லில் டியூப் டயர், அதனால் வேலை கண்ணுக்குத் தெரியும்படி நடக்கும். இப்படி எழுதிப் பார்க்கலாம்:

லீவரை இரண்டு பக்கமும் கொடுத்து டயர் விளிம்பை நெம்பினார். டியூபை உருவிக் காற்றடித்தார். பாதி அறுத்த தகர டின்னில் தண்ணீர். டியூபை ஒரு பக்கமாக அழுத்திச் சுற்றிக்கொண்டே வந்தார். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இடத்திலிருந்து குமிழ் வரிசையாக மேலே வந்தது. நவீன் எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டான். கடைக்காரர் தீக்குச்சியை ஓட்டையில் சொருகி அடையாளம் வைத்து, துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி வைத்தார். "ஒட்டலையா?" என்றான் அஸ்லம். "காயணும் தம்பி. ஈரத்துல ஒட்டுனா பத்து கிலோமீட்டர்ல பிச்சுக்கும்." மகா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் வருவதை நவீன் ஏன் பார்க்க முடியவில்லை என்பதை விளக்காதீர்கள். அன்றைக்குக் கரையில் நின்றவன் அவன்தான் என்று வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால் போதும்.

துக்கத்தை வரிசைப்படுத்தும் இடத்தில் வரைவு ஒரு தவறான ஏணியில் ஏறுகிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டத்துக்கு ஐந்து பகுதி பிரித்திருக்கிறீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய அந்த ஐந்தும் சாகப்போகிற நோயாளிகளிடம் பேசியதிலிருந்து வந்தவை. இழந்தவர்கள் வரிசையாக ஏறும் படிகள் என்று எடுத்துக்கொண்டது பின்னால் வந்த பழக்கம். நாவலுக்கு அதைவிட உதவக்கூடியது உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் வைத்த விளக்கம். இழந்தவர் துக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் இடையில் ஊசல் மாதிரி போய்ப் போய் வருவார், ஒரே நாளில் பல தடவை. பதின்ம வயதில் இந்த ஊசல் இன்னும் வேகமாக ஆடும். காலையில் கதறியவன் மதியம் பரோட்டாவுக்குச் சண்டை போடுவான், சிரிப்பான், சிரித்ததற்காக இரவு தூங்கமாட்டான். கடைசியாகச் சொன்ன குற்ற உணர்வை உங்கள் வரைவில் தேடினேன், இல்லை. அது இல்லாமல் இந்த வயதுத் துக்கம் இல்லை. துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோகா 1989இல், சமூகம் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கத்தைத் தனியாகப் பெயரிட்டுப் பேசினார். நண்பனின் துக்கம் அந்த வகை. லீவு கிடையாது, மொட்டை கிடையாது, திதி கிடையாது, பொங்கல் முடிந்ததும் மாதிரித் தேர்வு. சித்தியின் கேள்வியும் இதுவும் ஒன்றேதான்.

எழுதும்போது ஒரு அளவு வைத்துக்கொள்ளலாம். 45,000 சொல் நாவல் என்றால் 9,000ஆவது சொல்லுக்குள் வண்டி காவிரிப் பாலத்தில் ஏறிவிட வேண்டும், இப்போது 20,000ஐத் தாண்டியும் அவர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய நினைவு ஒவ்வொன்றும் 300 சொல்லைத் தாண்ட வேண்டாம், சாலையில் கண்ணில் பட்ட ஒரு பொருளிலிருந்துதான் அது கிளம்ப வேண்டும். கதிரைத் தெய்வமாக்காதீர்கள். கடன் வாங்கித் திருப்பித் தராதவன், மகாவின் நோட்டைத் தொலைத்துவிட்டு அவள் மேலேயே பழி போட்டவன் என்று இரண்டு குறையாவது வேண்டும். குறையில்லாதவனை இழந்தால் வாசகர் மரியாதையாக வருத்தப்படுவார், அவ்வளவுதான்.

இனிக் கடல். ராமநாதபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தேவிபட்டினம். கடலுக்குள் நவபாஷாணக் கற்கள், அங்கேயும் பித்ரு காரியம் நடக்கும். நடைப்பாலத்தில் நின்று முறைப்படி திதி கொடுக்கும் குடும்பங்களை இவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். புரோகிதர் கோத்திரமும் உறவும் கேட்பார், சித்தி கேட்ட அதே கேள்வி. கையில் செருப்போடு நிற்பவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுவார்கள். தோற்ற இடம் ஒன்று வேண்டும், அது இங்கே அமைந்துவிடுகிறது.

பாம்பனில் வருடம் முக்கியம். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ரயில் மண்டபத்தோடு நின்றுவிடும். 2025 மே என்றால் சாலைப் பாலத்தில் நின்று இரண்டு ரயில் பாலத்தையும் பார்க்கலாம், புதியதில் ரயில் ஓடும். விசைப்படகுகள் கடலுக்குள் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்கும். அந்த அசையாத படகு வரிசை உங்களுக்கு இன்னும் நல்ல காட்சி.

ராமேஸ்வரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மூவரும் தனுஷ்கோடி பஸ்ஸில் ஏறட்டும். பயணம் முழுக்கப் பிரிந்து பிரிந்து வந்தவர்கள் முதல்முறையாக ஒரே இருக்கையில் உட்காரும் இடம் அது. வெளியாட்களைக் காலை முதல் மாலை வரைதான் முனைக்கு விடுவார்கள், இருட்டுவதற்குள் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். நள்ளிரவில் நிலவொளியில் கரைக்கும் உங்கள் காட்சி நடக்காது. பகல் வெயிலில், சோழி விற்கும் கடைகளும் செல்ஃபி எடுக்கும் கூட்டமும் அசோகத் தூணும் சுற்றி இருக்கத்தான் நடக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலையும் அடித்துக்கொண்டு போன ரயிலையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இடிந்த தேவாலயச் சுவரைப் பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குமேல் வேண்டாம். இவர்கள் கையில் ஒரே ஒரு சாவு இருக்கிறது.

மீனவர்கள் அங்கே வடபக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும் தென்பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மே மாதத் தென்காற்றில் தென்பக்கம் கொந்தளிக்கும், வடபக்கம் குளம் மாதிரி இருக்கும். மணல் காலில் ஊசியாகக் குத்தும். முனையில் நீரோட்டம் பலம், குளிக்கக் கூடாது என்று பலகை இருக்கும். மூழ்கிச் செத்தவனின் நண்பர்கள் கணுக்கால் வரையாவது இறங்குவார்களா என்பதுதான் கடைசி அத்தியாயத்தின் கேள்வி. எந்தப் பக்கக் கடலில் என்பதில் மூவரும் சண்டை போடட்டும். செருப்பை எறிந்தால் ஆண்கடல் பக்கம் அது திரும்பத் திரும்பக் கரைக்கே வரும். ஒன்று போய்விட்டு ஒன்று மட்டும் திரும்பி வந்தால் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள். நீங்கள் எழுதிய அழுகையில் பாதிக்குமேல் அதன்பிறகு தேவைப்படாது என்று நம்புகிறேன்.

வரைவு கடலோடு முடிகிறது. ஆனால் அத்தாவின் வண்டி ராமேஸ்வரத்தில் நிற்கிறது, திங்கட்கிழமை கடைக்குச் சாமான் ஏற்ற வேண்டும். திரும்பி வரும் இருநூற்று நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு அத்தியாயமாவது கொடுங்கள். அதே ஊர்கள், எதிர்ப் பக்கத்திலிருந்து. அதே ஹெல்மெட், இப்போது யார் மாட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. சித்தி வீட்டில் காபி. உப்புக் காற்றிலும் மணலிலும் நின்ற செயின் மறுநாளே கரகரக்கத் தொடங்கும், ராமநாதபுரத்தில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால்தான் ஸ்ரீரங்கம்வரை வரும். அஸ்லம் குனிந்து செயினுக்கு எண்ணெய் விடும்போது பின்சக்கரத்தை யாராவது ஒருவர் கையால் சுற்றிக்கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அதைக் கதிர்தான் செய்வான்.